விக்கெட் எடுத்தால் கத்தலாம், ஆனால் அவுட்டானவரைப் பார்த்துக் கத்தக் கூடாதா? எல்லை எங்கே இருக்கிறது?

கொண்டாட்டம் யாரை நோக்கிப் போகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். சக வீரர்களிடமோ ரசிகர்களிடமோ ஓடினால் அது மகிழ்ச்சி. தோற்றவரின் முகத்துக்கு நேராகப் போனால் சீண்டல். எவ்வளவு சத்தம் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம்தான்.

விதிகளும் ஏறக்குறைய இப்படித்தான். ஆட்டமிழந்த பேட்டரை இழிவுபடுத்தும் அல்லது ஆத்திரமூட்டும் சொல்லையும் சைகையையும் சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசியின் நடத்தை விதி 2.5 தடுக்கிறது. மீறினால் அபராதம், தகுதி இழப்புப் புள்ளி எல்லாம் வரலாம். அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல், கொண்டாட்டத்தில் குழுவாக நடனமாடுவது, பந்தை வைத்து வேடிக்கை காட்டுவது போன்றவற்றை 2017-இல் அனுமதித்தது. ஆனால் எதிராளியைச் சீண்டினால் அணியை 15 யார்டு பின்தள்ளும் தண்டனை என்பதை மாற்றவில்லை. இந்தப் பிரிப்பு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. கால்பந்தில் கோல் அடித்தவர் சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை. யாரையும் புண்படுத்தாத செயலுக்கு எதற்குத் தண்டனை? அந்த விதியில் எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம், ஆவேசமாக ஆடுபவரிடம் பண்பு இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரில், 2005 எட்ஜ்பாஸ்டன் டெஸ்ட்டில் இங்கிலாந்து வெறும் 2 ரன்னில் வென்றது. 43 ரன்னுடன் கடைசிவரை போராடிய ஆஸ்திரேலியாவின் பிரெட் லீ களத்திலேயே குனிந்து உட்கார்ந்துவிட்டார். இங்கிலாந்தின் ஆண்ட்ரூ பிளின்டாஃப் அவரிடம் போய்க் கைகொடுத்துத் தேற்றினார். அதே இன்னிங்ஸில் ஒரே ஓவரில் லாங்கரையும் பாண்டிங்கையும் வீழ்த்தி ஆர்ப்பரித்தவர் அவர்தான்.