அட்டையில் தெரிந்த வடிகட்டி அடுப்படியில் தெரியவில்லை

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. 40 பட அட்டைகள் வாங்கி தினமும் காட்டுகிறேன். படத்தைப் பார்த்து ‘வடிகட்டி’ என்கிறாள். அடுப்படியிலிருந்து அதை எடுத்து வரச் சொன்னால் விழிக்கிறாள். விளையாட்டாகச் சொல்லித்தர வழி உண்டா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அவள் தெரிந்துகொண்டது அட்டையை, வடிகட்டியை அல்ல. அட்டைகளைப் பரணில் போட்டுவிட்டு ஒரு துணிப்பை எடுங்கள். உள்ளே நாலே பொருள். தெரிந்தவை இரண்டு: டம்ளர், கரண்டி. புதியவை இரண்டு: வடிகட்டி, மத்து. புதியவை அதற்கு மேல் போனால் ஆட்டம் பரீட்சையாகிவிடும்.

முதலில் பெயரைச் சொல்லி, டீயை வடிகட்டியும் மோரைக் கடைந்தும் காட்டுங்கள். அடுத்து, “பார்க்காமல் கையை விட்டு மத்தை எடு, பார்க்கலாம்!” பல முறை சரியாக எடுத்த பிறகுதான் “இது என்ன?” மாண்டிசோரி வகுப்புகளில் பின்பற்றும் மூன்று படிகள் இவை. வீட்டில் நாம் நடுப்படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். வாய்க்கு வருமுன்பே சொல் காதுக்குப் பழகியிருக்க வேண்டும். ஆகவே அந்தப் படியில்தான் அதிக நாள் நிற்கவேண்டும். தப்பாக எடுத்தால் “இது கரண்டி, மத்து இதோ” என்று கையில் கொடுங்கள், போதும்.

பிறகு அவளை முதலாளி ஆக்குங்கள். அவள் கேட்பதை நீங்கள் வேண்டுமென்றே மாற்றி எடுங்கள். “அய்யோ, மத்தும்மா!” என்று அவளே கத்துவாள்.

சீரகத்தையும் சோம்பையும் ஒரே நாளில் காட்டாதீர்கள். உருவமும் ஒன்றுபோல, டப்பாவும் பக்கத்துப் பக்கம், இரண்டுமே குழம்பும். ஒன்று பதிந்து ஒரு வாரம் கழித்து மற்றது.

பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுவது இன்னொரு குறை. சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுத்து “பிசை, கிள்ளு, உருட்டு, தேய்” என்று வரிசை மாற்றிச் சொல்லுங்கள், அவள் செய்யட்டும்.

பத்து நிமிடம் போதும். அவள் “இன்னொரு தடவை” என்னும்போதே பையைக் கட்டிவிடுங்கள். மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் பொருளை மாற்றுங்கள்: பிளாஸ்டிக் வடிகட்டி, எவர்சில்வர் வடிகட்டி, டீக்கடையின் துணி வடிகட்டி. உங்கள் மகளுக்கு விட்டுப்போனது இதுதான்.

புளியங்கொட்டை, மணி, பட்டன் மட்டும் பைக்குள் வேண்டாம். மூக்குக்குள் போய்விடும்.