கயல்விழி என்று ஞானஸ்நானம் கொடுப்பார்களா?

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவர்கள் நாங்கள். கயல்விழி என்று பெயர் வைக்க எனக்கு ஆசை. கணவருக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அவர் அம்மா முன்னால் வாய் திறப்பதில்லை. "வேதத்தில் இல்லாத பெயர் எதற்கு? கேட்பவர்கள் இந்துப் பிள்ளை என்றுதானே நினைப்பார்கள்? எஸ்தர் என்று வை" என்கிறார் அத்தை. கொழுந்தனாரோ நெட்டில் தேடி தினம் ஒரு பெயர் அனுப்புகிறார். அடுத்த மாதம் ஞானஸ்நானம். என்ன செய்வது?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் மனதை நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. கயல்விழி என்ற பெயரில் விசுவாசத்துக்கு விரோதமாக எதுவும் இல்லை. அது தமிழ்ப் பெயர், அவ்வளவுதான்.

வேதாகமத்தில், அப்போஸ்தலர் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பவுல் "நம்முடைய சகோதரி" என்று சொல்லி அனுப்பும் பெபேயாளின் பெயர் கிரேக்கப் புராணத்தில் வருவது. அதே அதிகாரத்தில் வாழ்த்துப் பெறும் எர்மேயின் பெயரோ கிரேக்க தெய்வம் ஒன்றின் பெயர். பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று பவுல் அவர்களிடம் சொன்னதாக எங்கும் இல்லை. அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த கவிஞர் கிருஷ்ண பிள்ளை 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் கூடச் சேர்ந்தது, கிருஷ்ணன் என்ற பெயர் போகவில்லை. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை என்றுதான் இன்றைக்கும் கிறிஸ்தவத் தமிழ் உலகம் அவரைக் கொண்டாடுகிறது.

அத்தையிடம் அவருடைய தாத்தா, பாட்டி பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் ஜெபமணி, ஞானதீபம், அடைக்கலம், வேதமாணிக்கம் என்று ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். இந்தப் பெயர்களில் யாரும் வேதத்தில் கிடையாது. விசுவாசத்தைத் தங்கள் சொந்தத் தமிழில் சொல்லிப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கும் லாசரு என்ற பெயரைத் தமிழாக்கி தேவசகாயம் என்றுதான் வைத்தார்கள். 2022-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததும் அந்தப் பெயரில்தான்.

ஆனால் இதையெல்லாம் கொண்டுபோய் அத்தை முன்னால் வாதமாக வைக்காதீர்கள். அவர் வேத பாடத்தில் தோற்றுப்போக வேண்டும் என்பதா உங்கள் தேவை? பேத்தி நம் கையை விட்டு, சபையை விட்டுப் போய்விடுவாளோ என்பதுதான் அவருடைய பயம். அந்தப் பயத்தில் அன்பு இருக்கிறது. அதற்கு மரியாதை கொடுங்கள்.

எஸ்தருக்கே இரண்டு பெயர் உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். "எஸ்தர் என்னும் அத்சாள்" என்று எஸ்தர் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. அதனால் நான் சொல்வது: கயல்விழி எஸ்தர் என்று வையுங்கள். அத்தை எஸ்தர் என்று கூப்பிடட்டும், நீங்கள் கயல் என்று கூப்பிடுங்கள். சொல்லிப் பார்த்தால் சேர்ந்தே நன்றாக இருக்கிறது. ஆனால் அத்தையைச் சமாதானப்படுத்த ஒட்டிவைத்த வால் போல அந்த இரண்டாம் பெயர் ஆகிவிடக் கூடாது. தன் ஜனத்துக்காக உயிரைப் பணயம் வைத்து ராஜாவின் முன்னால் போய் நின்ற பெண் அவள். அந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லும் பொறுப்பை அத்தையிடமே கொடுங்கள்.

கொழுந்தனார் அனுப்பும் பெயர்களை நிதானமாகத்தான் பார்க்க வேண்டும். இந்தத் தளங்கள் பல பெயர்களுக்கு "கடவுளின் பரிசு" என்று கண்ணை மூடிக்கொண்டு அர்த்தம் போட்டுவிடுகின்றன. வீட்டில் யாருக்கும் கதை தெரியாத, பாட்டி வாயில் நுழையாத பெயரைப் பிள்ளை தலையில் கட்ட வேண்டாம்.

உங்கள் கணவரிடம் ஒரு வார்த்தை. லூக்கா முதல் அதிகாரத்தில் இதே சண்டை நடக்கிறது. "யோவான் என்று பேரிடவேண்டும்" என்று எலிசபெத் சொன்னதும், உன் சொந்தத்தில் யாருக்கு இந்தப் பேர் இருக்கிறது என்று சூழ்ந்துகொள்கிறார்கள். பேச முடியாமல் இருந்த அவள் கணவர் சகரியா பலகையைக் கேட்டு வாங்கி, "இவன் பேர் யோவான்" என்று எழுதிக் காட்டுகிறார். தம்பி, உங்களுக்கு வாய் நன்றாகவே இருக்கிறது. அம்மாவிடம் பேச வேண்டியவர் நீங்கள்தான், மருமகள் இல்லை. இந்த வாரமே பேசிவிடுங்கள்.

அப்புறம், பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க அவசரம் இல்லை. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்க முடியும். ஆனால் சபைப் பதிவேட்டிலும் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். ஆங்கிலத்தில் எப்படி எழுதப்போகிறீர்கள், இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதி முடிவு செய்யுங்கள். பிற்பாடு பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைச்சல் மிச்சம்.

ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் போய்க் குருவானவரிடம் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள். அன்றைக்குப் பிள்ளையை அவர் கையில் தூக்கிக் கொடுப்பது அத்தையாக இருக்கட்டும்.