பாயைத் தளர்த்துங்கள்: பாய்மரப் படகு கேள்வி பதில்

ஒருவரே ஓட்டும் சிறு பாய்மரப் படகான ஐ.எல்.சி.ஏ. 6இல் பழகுகிறேன். காற்றை எதிர்த்துப் போகும்போது பாயை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் படகு நின்றுவிடுகிறது. சில சமயம் பின்னாலேயே போகிறது. எங்கே தப்பு?
— வாசகர், அடையாறு

இறுக்கிப் பிடிப்பதில்தான் தப்பு. காற்று வரும் திசைக்கு இரு பக்கமும் சுமார் 45 டிகிரிக்குள் இந்தப் படகு முன்னேறாது. அந்த எல்லைக்குள் மூக்கு நுழைந்துவிட்டால், மெயின்ஷீட்டை (பாயை இழுக்கவும் விடவும் பயன்படும் கயிற்றை) எவ்வளவு இழுத்தாலும் பாய் படபடக்குமே தவிர வேகம் வராது. வேகம் இல்லையென்றால் சுக்கானும் வேலை செய்யாது.

அப்போது செய்ய வேண்டியது இது. மெயின்ஷீட்டை முழுக்க விடுங்கள். பூமை, அதாவது பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கழியை, உங்களிடமிருந்து வெளியே தள்ளுங்கள். சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரையும் அதே பக்கம் தள்ளுங்கள். படகு பின்னால் நகர்ந்தபடியே மூக்கைத் திருப்பும். காற்று பக்கவாட்டில் வந்ததும் டில்லரை உங்கள் பக்கம் இழுத்து, பாயையும் மெதுவாக இழுங்கள். படகு வேகம் எடுத்துக் கிளம்பிய பிறகே மறுபடி காற்றை நோக்கி ஏறலாம்.

திரும்பத் திரும்ப மாட்டாமல் இருக்க டெல்டேல்களைப் பாருங்கள். பாயின் முன்விளிம்பை ஒட்டி இரு பக்கமும் இருக்கும் நூல் துண்டுகள் அவை. இரண்டும் பின்னோக்கிச் சீராகப் பறந்தால் பாய் சரியாக இருக்கிறது. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் மூக்கு காற்றுக்கு மிக அருகில் போய்விட்டது. கொஞ்சம் விலகுங்கள், அல்லது பாயை இழுங்கள். மறுபக்கத்து நூல் தொங்கினால் பாய் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. ஒரு கை நீளம் விடுங்கள். புதிதாகப் பழகுபவர்களுக்குப் பெரும்பாலும் நேர்வது இரண்டாவதுதான்.

படகு கவிழ்ந்தால் நிமிர்த்தவே முடியவில்லை. நிமிர்த்தினாலும் என் மேலேயே மறுபக்கம் சாய்கிறது. உடம்பில் பலம் போதவில்லையா?
— வாசகி, புதுச்சேரி

பலத்தின் குறை இல்லை. பாயும் காற்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்காமல் தூக்குவதுதான் காரணம். பாய்மரத்தின் நுனி காற்று வரும் பக்கம் பார்த்துக் கிடந்தால், நீங்கள் கொஞ்சம் தூக்கியதுமே காற்று பாயின் அடியில் புகுந்து, ஒரே வீச்சில் படகை உங்கள் மேல் கவிழ்த்துவிடும். அதனால் முதலில் மூக்கைப் பிடித்தபடி நீந்தி, மூக்கு காற்றைப் பார்க்குமாறு படகைத் திருப்புங்கள்.

அதற்கும் முன்னால், மெயின்ஷீட் காலில் சுற்றியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கிளீட்டில் மாட்டியிருந்தால் விடுவியுங்கள். பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வாங் கயிற்றையும் தளர்த்துங்கள். இதை மறப்பவர்கள்தான் மறுபடி கவிழ்கிறார்கள்: கயிறு இறுகியே இருந்தால் படகு நிமிர்ந்த நொடியே பாய் காற்றைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு அடிப்பக்கம் வந்து படகின் அடியில் நீட்டி நிற்கும் பலகையான டாகர்போர்டின் மேல் ஏறுங்கள். பலகையின் நுனியில் நின்றால் அது உடையலாம். படகின் உடலை ஒட்டிய அடிப்பகுதியில் கால் வைத்து, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். இழுக்கக் கூடாது, எடையைக் கொடுக்க வேண்டும். பாயில் தேங்கிய நீர் வடியும் வரை பாய்மரம் அசையாததுபோல் தோன்றும். அங்கேதான் பலர் பொறுமை இழந்து துள்ளுகிறார்கள். சாய்ந்தபடி காத்திருங்கள்; நீர் வடிந்ததும் தானாக எழும். எழும் கணத்தில் காலை உள்ளே போட்டு ஏறுங்கள்.

படகு தலைகீழாகி, ஆழம் குறைந்த இடத்தில் பாய்மரம் சேற்றில் குத்தி நின்றால் பலகையில் ஏறித் துள்ளாதீர்கள்; பாய்மரம் வளையும். துணைப்படகு வரட்டும். எந்த நிலையிலும் படகை விட்டுக் கரைக்கு நீந்தாதீர்கள். நீரில் ஒரு தலையை விட, கவிழ்ந்த படகு தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

9 வயது மகளைச் சேர்க்க விரும்புகிறேன். அரைகுறை நீச்சல்தான். எந்தப் படகு? என்ன ஜாக்கெட்?
— வாசகர், சென்னை

ஆப்டிமிஸ்ட். 2.3 மீட்டர் நீளம், படகின் உடல் மட்டும் 35 கிலோ, ஒரே பாய். 1947இல் அமெரிக்காவின் கிளியர்வாட்டரில் குழந்தைகளுக்காகவே வடிவமைக்கப்பட்டது; 15 வயது வரை இதில் போட்டியிடலாம். ஆனால் குழந்தையின் எடை 50 கிலோவை நெருங்கிவிட்டால், வயதைப் பார்க்காமல் ஐ.எல்.சி.ஏ. 4க்கு மாற்றிவிடுவதே நல்லது.

நீச்சலை முதலில் முடியுங்கள். ஜாக்கெட் அணிந்து 50 மீட்டர் பதற்றமில்லாமல் நீந்தும் வரை படகு காத்திருக்கட்டும். 50 நியூட்டன் என்று அச்சிட்டவை நீந்தத் தெரிந்தவர்களுக்கானவை. மயங்கியவரின் முகத்தை அவை மேலே திருப்பாது. வாங்கும்போது குழந்தைக்கு மாட்டி, தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காது வரை ஏறினால் பெரிய அளவு. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று மட்டும் வாங்காதீர்கள்.

ஜூன் மாதக் காலையில் கடல் கண்ணாடிபோல் இருக்கிறது. அப்போதே கிளம்பலாமா?
— வாசகர், கோவளம்

வேண்டாம். அந்த மாதங்களில் சென்னைக் கடற்கரையில் காலையில் அடிப்பது நிலத்திலிருந்து வரும் மேற்குக் காற்று. கரையோரம் அலை எழும்பத் தூரமில்லாததால்தான் நீர் அமைதியாகத் தெரிகிறது. வெளியே போகப்போகக் காற்றும் அலையும் கூடும். போவது சுலபம், திரும்புவது முழுக்க எதிர்க்காற்றில். துணைப்படகு இல்லாமல் இந்தக் காற்றில் யாரும் இறங்கக் கூடாது.

நடுப்பகலுக்குப் பின் கடற்காற்று வந்து சேரும். அது உங்களைக் கரைப்பக்கம் தள்ளும் காற்று. பழகுபவர்களுக்கு 5 முதல் 10 நாட் (மணிக்கு 5 முதல் 10 கடல் மைல்) வேகக் காற்று போதும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நுரை தெரிந்தால் அந்த எல்லையில் இருக்கிறீர்கள். கடல் முழுக்க வெள்ளை நுரை என்றால் கரையிலேயே இருங்கள்.

பழைய லேசர் (ஐ.எல்.சி.ஏ. படகின் முந்தைய பெயர்) ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகர், தூத்துக்குடி

பாய்மரம் இறங்கும் குழியை முதலில் பாருங்கள். வாய் வரை நல்ல தண்ணீர் ஊற்றி 5 நிமிடம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் குழியின் அடி தேய்ந்து உடலுக்குள் கசிகிறது. கடலில் பாய்மரம் மேல்தளத்தைப் பிய்த்துக்கொண்டு விழுவது பெரும்பாலும் இப்படித் தேய்ந்த படகுகளில்தான்.

மேல்தளத்தில் நடந்து பாருங்கள். காலுக்கடியில் மெத்தென்று அமுங்கினால் உள்ளே நீர் ஊறியிருக்கலாம். பின்புற அடைப்பைக் கழற்றிப் படகைச் சாய்த்தால் நீர் வடிகிறதா என்று தெரிந்துவிடும். பாய் பழசாக இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு, ஒவ்வொரு முறையும் பாய்மரத்தைக் குழிக்குள் இறக்கும் முன் அதன் அடியையும் குழியையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குழியை அரிப்பது அங்கே தங்கும் மணல்தான்.