'வெள்ளைக்காரனோடு வந்தவங்கதானே நீங்க?' பெங்களூருக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீ கேட்டதைச் சுருக்கி முதலில் போட்டுவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். விழுப்புரத்திலிருந்து வந்து ஒயிட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். வீடு பார்க்கப் போன இடத்தில் ஓனர், "தமிழா? நீங்க எல்லாம் வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வந்தவங்கதானே" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அது உண்மையா, என்ன பதில் சொல்வது, பாதுகாப்புக்கு, தமிழர்கள் அதிகமுள்ள அல்சூர் பக்கமே வீடு பார்க்கலாமா, டிஎன் வண்டியைக் கொண்டுவரலாமா என்பது உன் கேள்விகள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நாம் மறைப்பதும், மீதிப் பாதியை அவர்கள் விட்டுவிடுவதும்தான் இங்கே நெடுநாளாக நடக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கே.ஆர். மார்க்கெட் போ. பூக்கடை, பூண்டு மூட்டை, பஸ் ஹாரன் எல்லாவற்றையும் தாண்டினால் பழைய கோட்டையில் மிச்சமிருக்கும் டெல்லி கேட் வரும். அதன் மதிலில் ஒரு கல்வெட்டுப் பலகை. 1791 மார்ச் 21 அன்று ஆங்கிலேயப் படை மதிலை உடைத்து உள்ளே புகுந்த இடம் அதுதான் என்கிறது. புகுந்தவர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட பலகை அது. உள்ளே கோட்டையைக் காத்துச் செத்த கோட்டைத் தளபதி (கில்லேதார்) பகதூர் கான் பெயரை நீயாகத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டு வருடம் கழித்து, 1799ல், ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்புவும் போனார். அங்கே நிறுத்திய பட்டாளத்தை மலேரியா வாட்டியது. அதனால் 1809ல் அல்சூரை ஒட்டிய மேட்டு நிலத்துக்கு மாற்றினார்கள். அதுதான் கன்டோன்மென்ட், பட்டாளத்துக்கென்று ஒதுக்கிய பகுதி.

வந்தது மெட்ராஸ் படை. அதனால் கூடவே வந்தவர்களில் தமிழர்கள் அதிகம். ஆனால் யார் அந்தத் தமிழர்கள்? வாளோடு வந்தவர்கள் கொஞ்சம் பேர். சலவைக்காரர், சமையல்காரர், குதிரைக்காரர், கொத்தனார், செருப்புத் தைப்பவர், சித்தாள் இப்படி வந்தவர்கள்தான் நிறைய. ஆற்காடு நாராயணசாமி முதலியார் மாதிரி கான்ட்ராக்ட் எடுத்துப் பெரிய ஆளானவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இன்று ஹைகோர்ட் இருக்கும் அட்டாரா கச்சேரியை 1868ல் கட்டி முடித்தவர் அவர். மற்றவர்களுக்குக் கிடைத்தது பஜார் சந்து. வெள்ளைக்காரனுக்குத் தோட்டத்தோடு பங்களா, நம் ஆட்களுக்குச் சிவாஜிநகர் சந்தில் ஓட்டு வீடு. 1898ல் பிளேக் வந்து நெரிசலில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்த பிறகுதான் ஃப்ரேசர் டவுன் மாதிரிப் புதுப் பேட்டைகளைப் பற்றி யோசித்தார்கள். இன்றைய பெங்களூர் கிளப்பில் அன்று இந்தியனுக்கு வேலைக்காரனாகத்தான் இடம். இங்கே பட்டாளத்தில் இருந்த சர்ச்சில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனதை மட்டும் அந்த கிளப் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது!

இன்னொரு கதை இருக்கிறது, இதை நம் ஆட்களே பேசுவதில்லை. 1857க்குப் பிறகு 'வீர இனம்' என்றொரு கொள்கையை ஆங்கிலேயர்கள் பிடித்துக்கொண்டார்கள். மெட்ராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுக்காரனிடம் போர்க்குணம் செத்துவிட்டது என்று முடிவு கட்டியவர். அவரே பிறகு இந்தியப் படைக்கே தலைமைத் தளபதி ஆனார். தெற்கத்திய காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்து வடக்கத்திய ஆட்களால் நிரப்பினார்கள். 1920கள் முடிவதற்குள் மெட்ராஸ் காலாட்படை என்றே ஒன்று இல்லாமல் போனது. எந்த ஆட்களை வைத்து மைசூரைப் பிடித்தார்களோ அவர்களையே 'சண்டைக்கு லாயக்கில்லாத இனம்' என்றார்கள். பாலம் கட்டவும் சுரங்கம் தோண்டவும் 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்ற பொறியாளர் படை மட்டும் மிஞ்சியது. அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் இருக்கிறது. பிரிகேட் ரோடு முனையில், படைக்குப் பாதை போட்டுக்கொடுக்கும் பயனியர் படையின் போர் நினைவுத்தூண் நிற்கிறது, முதல் உலகப்போரில் மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று போய்ச் செத்தவர்களுக்காக. அதைச் சுற்றி வண்டி நிறுத்திவிட்டு ஷாப்பிங் போகிறோம். இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் கொள்கை பறந்துபோய் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி முளைத்தது. சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியன் 1944ல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். செத்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள்.

சரி, உன் ஓனர் பக்கத்துக்கும் வருகிறேன், அவர் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. 1881ல் மைசூர் அரசை ஆங்கிலேயர்கள் உடையாரிடம் திருப்பிக் கொடுத்தபோது கன்டோன்மென்டை மட்டும் கொடுக்கவில்லை. ஒரே ஊர், இரண்டு நகராட்சி. பழைய ஊரான பேட்டையில் கன்னடம், கன்டோன்மென்ட் பக்கம் தமிழும் உருதும் இங்கிலீஷும், நடுவில் கப்பன் பார்க். இரண்டையும் ஒரே மாநகராட்சியாக்கியது 1949ல்தான். தன் ஊரின் சரிபாதி தன் கையில் இல்லாமல் இருந்தவனுக்கு அந்தப் பாதியில் கேட்கும் மொழி மேல் எரிச்சல் வருவது இயல்பு.

காவிரியும் இதே கதைதான். 1892 ஒப்பந்தப்படி சென்னை மாகாணத்தின் சம்மதம் இல்லாமல் குறிப்பிட்ட ஆறுகளில் மைசூர் புதிய பாசன வேலை எதையும் தொடங்க முடியாது. ஒரு பக்கம் கையெழுத்துப் போட்டது நேரடி ஆங்கிலேய ஆட்சி, மறுபக்கம் அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருந்த சமஸ்தானம். 1924 ஒப்பந்தத்திலும் இதே இரண்டு பேர்தான். கல்லணைக் காலத்திலிருந்து டெல்டாவுக்கு இருக்கும் பாத்தியதை வேறு விஷயம், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் 'சமமில்லாத பேரம்' என்று கன்னடக்காரர் சொல்வதை வெறும் வெறுப்பு என்று ஒதுக்கவும் மாட்டேன். என்ன கொடுமை என்றால், லண்டன் மேல் இருக்க வேண்டிய கோபம் 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தில் பெங்களூர்ச் சேரிகளில் குடியிருந்த தமிழ்க் கூலிகள் மேல் விழுந்தது. அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையும் அந்த வருடத்திலிருந்து 2009 வரை மூடியேதான் கிடந்தது.

நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் 'பெங்களூரைக் கட்டியதே தமிழன்' என்று வரும், அதை இங்கே வந்து ஒப்பிக்காதே. கெம்பேகவுடா 1537ல் பேட்டையைக் கட்டிவிட்டார். அதற்கும் முன்னால், பேகூர் கோயிலில் ஏறக்குறைய 890ஆம் ஆண்டைச் சேர்ந்த பழங்கன்னட வீரக்கல் 'பெங்களூர்ச் சண்டை'யில் செத்த ஒருவனைப் பற்றிச் சொல்கிறது. ஊர்ப்பெயர் முதலில் எழுத்தில் வருவதே ஒரு சாவுச் செய்தியில்! அதே நேரம் டொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு, வெள்ளைக்காரன் வருவதற்குப் பல நூறு வருடம் முந்தையவை. ரொம்பக் காலரைத் தூக்காதே, சோழர்கள் இந்தப் பக்கம் முதலில் வந்ததும் விருந்துக்கு அல்ல.

ஓனருக்கு இத்தனையும் ஒப்பிக்க வேண்டாம். "ஹவுது (ஆமாம்) சார், சில பேர் அப்படி வந்தாங்க. நான் பஸ்ல வந்தேன்" என்று சொல். சிரிப்பார். சிரிக்காத ஓனர் வீட்டுக்கு நீ எப்படியும் போகக் கூடாது.

அல்சூரில் பாதுகாப்பு என்பதெல்லாம் வேண்டாத யோசனை. அங்கே நாலு தலைமுறைத் தமிழர்கள் உன்னைவிட நன்றாகக் கன்னடம் பேசுவார்கள். அங்கிருந்து நீ ஒயிட்ஃபீல்டுக்குத் தினமும் டிராஃபிக்கில் சாக வேண்டியதுதான். ஆபீஸ் பக்கமோ மெட்ரோ பக்கமோ பார். 2016 செப்டம்பர் காவிரிக் கலவரத்தில் பஸ்களை எரித்த அன்று, என் கீழ்வீட்டு அம்மா, ஹாசன்காரர், என் டிஎன் ஸ்கூட்டரைத் தன் கேட்டுக்குள் ஏற்றச் சொல்லி, மேலே பழைய போர்வையைப் போட்டார். போட்டுவிட்டு, காவிரி விஷயத்தில் நம் ஆட்கள் செய்வது தப்பு என்று அரைமணி நேரம் என்னைத் திட்டவும் செய்தார். இங்கே இரண்டும் சேர்ந்தேதான் கிடைக்கும். வண்டி கொண்டுவா. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்கப் போகிறாய் என்றால் கேஏ பதிவுக்கு மாற்றி வரி கட்டிவிடு, டிராஃபிக் போலீஸ் தொல்லையாவது மிச்சம்.

அப்புறம், நீ கேட்காத ஒன்று. இங்கே அட்வான்ஸ் பத்து மாத வாடகை வரை கேட்பார்கள். பேசினால் ஐந்து, ஆறுக்கு இறங்குவார்கள். அந்தப் பேரத்தை "கன்னடா ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தே சார்" (கன்னடம் கொஞ்சம் கொஞ்சம் வரும் சார்) என்று தொடங்கு. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அக்ரிமென்டில் இப்போதே எழுதி வாங்கிக்கொள்.