ஜப்பானும் தென்கொரியாவும் நட்பு நாடுகள்தானே, 2019-இல் ஏன் அப்படி ஒரு வணிகச் சண்டை?

அந்த வருடம் நான் வேலை விஷயமாகத் தென்கொரியாவின் சுவோன் நகரத்தில் இருந்தேன். அதனால் படித்ததோடு பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

சண்டை வணிகத்தில் வெடித்தாலும் அதன் வேர் அங்கே இல்லை. கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தபோது, இரண்டாம் உலகப் போர் சமயத்தில், ஏராளமான கொரிய இளைஞர்களை ஜப்பானிய ஆலைகளிலும் சுரங்கங்களிலும் போட்டு வேலை வாங்கினார்கள். லீ சுன்-சிக் என்பவர் அப்படிப் பதின்ம வயதில் கமாயிஷி இரும்பாலைக்குப் போனவர். சம்பளம் கைக்கு வரவே இல்லை.

1965-இல் இரு நாடுகளும் மறுபடி உறவு வைத்துக்கொண்டபோது ஜப்பான் 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் கொடுத்தது. கோரிக்கைகள் எல்லாம் இத்தோடு முழுமையாகத் தீர்ந்தன என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பணம் போஹாங் இரும்பாலைக்கும் சியோல்–பூசான் நெடுஞ்சாலைக்கும் உதவியது. உழைத்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது சொற்பம். பேச்சு வார்த்தையில் அவர்களை யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம்.

2018 அக்டோபர் 30 அன்று கொரிய உச்ச நீதிமன்றம், லீ வேலை செய்த ஆலையின் நிறுவனமான நிப்பான் ஸ்டீல், லீ உள்பட வழக்குப் போட்ட நால்வருக்கும் ஆளுக்கு 10 கோடி வோன் (கொரிய நாணயம்) இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் அன்று உயிரோடு இருந்தவர் லீ ஒருவர்தான், 94 வயதில். 1965-இலேயே முடிந்த கணக்கு இது என்று ஜப்பான் கொதித்தது.

அப்புறம் 2019 ஜூலை 4. சிப் மற்றும் டிஸ்ப்ளே தயாரிப்புக்கு வேண்டிய மூன்று பொருள்களுக்கு ஜப்பான் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது: ஹைட்ரஜன் ஃப்ளூரைடு, ஃபோட்டோரெசிஸ்ட் (ஒளி பட்டால் மாறும் பூச்சு), ஃப்ளூரினேட்டட் பாலிஇமைடு (டிஸ்ப்ளேக்கான படலம்). தடை என்று சொல்லவில்லை. இனி ஒவ்வொரு முறையும் தனித்தனியாக அனுமதி வாங்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் சிப் தொழிலுக்கு அதுவே போதும். சிலிக்கான் தகட்டை அரிக்கவும் கழுவவும் பயன்படும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு மிகமிகத் தூய்மையாக இருக்கவேண்டும். நாள் போனால் தரம் குறையும் என்பதால் மாதக்கணக்கில் வாங்கிக் குவித்து வைக்கவும் முடியாது. பாதுகாப்புக் காரணம் என்றுதான் ஜப்பான் சொன்னது. தீர்ப்புக்குப் பதிலடி என்றே கொரியர்கள் எடுத்துக்கொண்டார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கோபத்தில் கொரியர்கள் ஜப்பானியப் பொருள்களையும் ஜப்பான் பயணத்தையும் புறக்கணித்தார்கள். எங்கள் குடியிருப்புக்குக் கீழே ஒரு கடை. நான்கு கேன் பீர் பத்தாயிரம் வோன் என்ற சலுகை அங்கே எப்போதும் உண்டு. ஆகஸ்ட்டில் அந்தச் சலுகையிலிருந்து ஜப்பானிய பீர் மட்டும் கழற்றிவிடப்பட்டது. இருந்த கேன்களையும் யாரும் தொடவில்லை. அக்டோபரில் ஜப்பானிலிருந்து கொரியாவுக்கு பீர் ஏற்றுமதி பூஜ்யம் என்று ஜப்பான் அரசின் கணக்கே சொன்னது.

அடி இரண்டு பக்கமும் விழுந்தது. கொரியாவின் பூசான் நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் ஜப்பானின் சுஷிமா தீவில் அப்போது மக்கள் தொகை ஏறக்குறைய 30,000. 2018-இல் அங்கே போன கொரியப் பயணிகள் நான்கு லட்சத்துக்கும் மேல். அந்தக் கூட்டம் சில வாரங்களில் வற்றியது. விடுதி நடத்தியவர்களுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் என்ன சம்பந்தம்? கொரியாவிலோ சோல்பிரைன் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் அந்த ஹைட்ரஜன் ஃப்ளூரைடைத் தாங்களே தூய்மையாக்கக் கற்றுக்கொண்டன. அதனால் ஜப்பானிய விற்பனையாளர்கள் நல்ல வாடிக்கையை இழந்தார்கள்.

இதற்கெல்லாம் நடுவே, என்னால் நாட்டுக்கு நஷ்டமோ என்று லீ சங்கடப்பட்டதாகச் செய்தி வந்தது. பாதிக்கப்பட்டவரையே குற்ற உணர்ச்சிக்குத் தள்ளிய இரு அரசுகளின் மேலும் எனக்கு அன்று வந்த கோபம் சாதாரணமானது அல்ல.

ஆகஸ்ட்டில் ஜப்பானோடு இருந்த ராணுவத் தகவல் பகிர்வு ஒப்பந்தத்தையே முறிப்பதாக சியோல் அறிவித்தது. வடகொரியாவின் ஏவுகணைகள் இரண்டு நாடுகளுக்குமே பொது ஆபத்து. இரண்டிலும் அமெரிக்கப் படைகள் இருக்கின்றன. வாஷிங்டன் நெருக்கியதும், காலாவதியாகச் சில மணி நேரமே இருக்க, நவம்பர் 22 அன்று அந்த முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. பொது எதிரி இருந்தால் உறவு அறுந்துபோகாது, அவ்வளவுதான், புண் ஆறிவிடாது.

2023 மார்ச்சில் கொரிய அரசு ஒரு வழி சொன்னது: இழப்பீட்டை ஜப்பானிய நிறுவனம் அல்ல, கொரிய அறக்கட்டளை ஒன்று கொடுக்கும். ஜப்பான் அந்த மூன்று பொருள் கட்டுப்பாட்டையும் விலக்கிக்கொண்டது. வணிகத்துக்கு அது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அறக்கட்டளையில் பணம் போட்டது போஸ்கோ என்ற கொரிய நிறுவனம், வேலை வாங்கிய நிறுவனம் அல்ல. லீ முதலில் அதை வாங்க மறுத்தார். அவர் மறுத்தது நியாயம் என்றே நான் சொல்வேன்.