பறவையின் உட்செவிக்கும் மூளைத்தண்டுக்கும் இடையிலான நரம்புப் பாதை ஒருவழிதானா?

இல்லை, இரண்டு பக்கமும் போக்குவரத்து உண்டு.

முதலில் காதிலிருந்து மூளைக்கு. உட்செவியின் மயிர்ச்செல்கள் அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. அதைச் சுமக்கும் செவிநரம்பு இழை மூளைத்தண்டுக்குள் நுழைந்ததும் இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை சேரும் நரம்புச்செல் திரளான நியூக்ளியஸ் மேக்னோசெல்லுலாரிஸ், சத்தம் எப்போது வந்தது என்று பார்க்கிறது. மறு கிளை சேரும் நியூக்ளியஸ் ஆங்குலாரிஸ், எவ்வளவு பலமாக வந்தது என்று.

இதில் கெட்டிக்காரப் பறவை கூகை. இருட்டில் எலி வலப்பக்கம் சலசலத்தால், வலது காதுக்கு அந்தச் சத்தம் நொடியின் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு முன்னதாக எட்டும். இரு பக்க மேக்னோசெல்லுலாரிஸ் இழைகளும் நியூக்ளியஸ் லாமினாரிஸ் என்னும் அடுத்த செல்திரளுக்குள் எதிரெதிர்த் திசையில் நுழைகின்றன. முந்தி வந்த துடிப்பு அதிக தூரம் ஓடியிருக்கும், பிந்தியது கொஞ்சம்தான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும் செல் பலமாகத் துடிக்கும். அது எந்தச் செல் என்பதிலிருந்தே திசை தெரிந்துவிடும். 1948-ல் உளவியலாளர் ஜெஃப்ரஸ் கோட்பாடாகச் சொன்ன இந்த அமைப்பை, 1990-ல் நரம்பியல் ஆய்வாளர்கள் கேத்தரின் காரும் மாசகாசு கொனிஷியும் கூகையின் மூளைத்தண்டில் காட்டினார்கள்.

அப்புறம் திரும்பும் பாதை. மூளைத்தண்டிலிருந்து வரும் இழைகள் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து மயிர்ச்செல்களை அடக்கி வைக்கின்றன. பறவைகளின் மயிர்ச்செல்களில் நெட்டை, குட்டை என இரு வகை உண்டு. குட்டைச் செல்கள் பலவற்றுக்கு மூளைக்குச் செய்தி அனுப்பும் இழையே கிடையாது. மூளையிலிருந்து வரும் இழை மட்டும்தான். காதுக்குள் உட்கார்ந்துகொண்டு மூளைக்கு ஒன்றும் சொல்லாத செல்! எனக்கு இதுதான் கூகையைவிட விசித்திரம்.