சுகர் இருக்கிறவருக்கு முட்டை பிரச்சினை இல்லை, பக்கத்தில் இருக்கிற புட்டுதான்

கேள்வி இதுதான்: "மூன்று மாதத்துக்கு முதல்தான் சுகர் என்று சொன்னார்கள். காலையில் ஏழு மணிக்கு வேலைக்கு ஓட வேண்டும். வீட்டில் சட்டென்று செய்யக்கூடிய முட்டைச் சாப்பாடு ஏதும் இருக்கிறதா?"

இருக்கிறது. நான் களுவாஞ்சிகுடிப் பக்கம், எனக்குச் சுகர் வந்து ஆறு வருடம். டாக்டர் இல்லை, சமையல்காரனும் இல்லை. சுகர் பார்க்கிற ஒரு மீற்றரையும் ஒரு தாச்சியையும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறவன், அவ்வளவுதான்.

ஒரு முட்டையில் புரதம் ஏறக்குறைய 6 கிராம் இருக்கிறது, மாச்சத்து, பள்ளிக்கூடத்தில் காபோவைதரேற்று என்று படித்தோமே, அது ஒரு கிராம்கூட இல்லை. ஆகவே முட்டை சுகரை ஏற்றுவதில்லை. ஏற்றுவது அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள். எங்கள் வீட்டில் பத்து இடியப்பம், சொதி, ஓரத்தில் ஒரு அவித்த முட்டை என்று சாப்பிட்டுவிட்டு "நான் முட்டைதான் சாப்பிட்டேன்" என்று கிளினிக்கில் சொல்லி வந்தவன் நான். ஒருநாள் அரை இறாத்தல் பாணும் பருப்பும் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்திப் பார்த்தேன், சுகர் 231 (mg/dL). அடுத்த கிழமை இரண்டு முட்டை, ஒரு பிடி இலை, ஒரே ஒரு துண்டுப் பாண், 152. கிளினிக்கில் எனக்குச் சொல்லியிருந்தது 180க்குள் வைக்கச் சொல்லி. அன்றைக்குத்தான் புத்தி வந்தது.

சரி, செய்கிற விதம். முருங்கை இலை ஒரு பெரிய பிடி வேண்டும். காலையில் இலை உருவிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? முதல்நாள் இரவே கொத்தை ஒரு பழைய சீலைத் துணியில் சுற்றி வைத்துவிட்டால் விடியும்போது பாதி இலை தானாகவே உதிர்ந்து கிடக்கும், மிச்சத்தை உதறி எடுக்கலாம். தாச்சியில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய், அதில் சின்ன வெங்காயம் நாலைந்து, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கியதும் இலையைப் போட்டு, மஞ்சள், உப்பு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். மூன்று நாலு நிமிடம். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது, இலை அவியமுன் முட்டையை ஊற்றினால் கசப்பு முட்டையிலும் ஏறிவிடும், அதை எந்தப் புளியும் திருத்தாது. இலை சுருங்கித் தண்ணீர் வற்றியதும் அடித்து வைத்த இரண்டு முட்டையை ஊற்றி, கிண்டாமல் அரை நிமிடம் விட்டு, மறுகா அகப்பையால் புரட்டுங்கள். முட்டை நன்றாக இறுகிய பிறகு ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, மிளகுதூள். அடுப்பை நிறுத்திய பிறகுதான் தேசிக்காய். எல்லாம் பத்து நிமிடம், இலைச் சுண்டலும் முட்டையும் ஒரே தாச்சியில் முடிந்துவிடும். முருங்கை இல்லாத நாளில் வல்லாரை, பொன்னாங்காணி, ஒன்றும் இல்லாவிட்டால் கோவாவை மெல்லிசாக அரிந்து போடுவேன், ஆனால் முருங்கைக்கு ஈடில்லை.

இதை முதலில் சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பிறகு பாணையோ புட்டையோ தொடுங்கள். புரதமும் இலையும் முதலில் போய், மா பிறகு போனால் சுகர் மெதுவாகத்தான் ஏறும். ஒழுங்கு மாறினால் அதே சாப்பாட்டுக்கு என் மீற்றரில் வேறு கணக்குத்தான் வரும். எனக்குப் புட்டென்றால் ஒரு சின்னக் கோப்பை, அதற்கு மேல் மனிசி வைக்க மாட்டா. "குரக்கன் புட்டுத்தானே, எவ்வளவும் சாப்பிடலாம்" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். குரக்கனில் நார்ச்சத்து கூட, உண்மைதான், ஆனால் குரக்கன் மாவிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 70 கிராம் காபோவைதரேற்றுத்தான். சீனிக்குப் பதிலாகச் சர்க்கரை, அதாவது வெல்லம், கடித்துத் தேத்தண்ணி குடிக்கிறதும் இதே கதைதான். இன்னொருவர் என்னிடம் கேட்டார், முட்டை ரொட்டி, முட்டை அப்பம், முட்டைக் கொத்து எல்லாம் முட்டைதானே என்று. பேரில் மட்டும்தான் தம்பி, உள்ளே கிடப்பது கோதுமை மாவும் அரிசி மாவும்.

ஒரு விஷயத்தில் கவனம். ஒரு காலத்தில் எனக்கு வீரம் வந்து, மா என்பதையே தொடுவதில்லை, வெறும் முட்டை மட்டும் என்று தொடங்கினேன். அப்போது நான் கிளிக்கிளசைட் என்ற சுகர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போகும்போது ஆரையம்பதி தாண்டவில்லை, கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, பக்கத்தில் இருந்தவர் என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. காத்தான்குடியில் இறங்கி முதல் கண்ட தேத்தண்ணிக் கடையில் "காக்கா, சீனி கூடப் போட்டு ஒரு பிளேன்டீ" என்று கேட்டு வாங்கிக் குடித்தேன். பையில் இருந்த மீற்றரில் 62. எழுபதுக்குக் கீழே போனால் அது ஆபத்து. மெட்ஃபோர்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படி வருவது குறைவு, ஆனால் கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ என்றால் மாச் சாப்பாட்டைக் குறைக்கிறதுக்கு முதல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரை அளவை அவர்தான் மாற்ற வேண்டும். சிறுநீரகத்தில் பிரச்சினை இருக்கிறவர்களும் எத்தனை முட்டை என்று கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்குப் புரதத்துக்கும் அளவு இருக்கிறது. எனக்குக் கொழுப்பும் கூட, ஆகவே கிழமையில் நாலு நாள்தான் முட்டை. மற்ற நாளில் அவித்த கௌபி, அதில் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் வெங்காயமும்.

தாச்சி வைக்கவே நேரமில்லாத நாளுக்கு அவித்த முட்டை. ஞாயிறு இரவு ஆறு முட்டை, கொதித்த பிறகு பத்து நிமிடம், உடனே பச்சைத் தண்ணீரில் போட்டு ஆறவிட்டு, கோதோடேயே பிரிட்ஜில். ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். காலையில் இரண்டை உரித்து, மிளகுதூள் தூவி, ஒரு வெள்ளரிக்காயும் அரை கோப்பை அவித்த கடலையும் எடுத்தால் பஸ் தரிப்பிடத்திலேயே சாப்பிட்டு முடிக்கலாம். அவித்த முட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் கோடு போடாத காலத்தில் மகன் ஒன்றை எடுத்து மேசை விளிம்பில் தட்டினான், அது அவிக்காத முட்டை, அவனுடைய வெள்ளைப் பள்ளிக்கூடச் சேட்டு முழுக்க மஞ்சள் கரு.